முருகன் காலடியில் பிரசர்க் குளிசை

எங்கள் வீட்டில் மணி அடித்தால்தான் எதிர்வீட்டுக்காரி வேலைக்குப் புறப்படுவாள். யாரும் பேசிவைத்த ஏற்பாடில்லை. பிரெஞ்சுத் தலைநகரத்தில், மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் இருக்கிற கட்டடத்தின் சுவர் அப்படி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து வரும். என் மனுசன் காலையில் முழுகிவிட்டுச் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, இடக்கையால் மணியை ஆட்டி வலக்கையால் கற்பூரத் தட்டைக் காட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் ஏழு மணி என்று அவளுக்குக் கணக்கு. வந்த புதிதில் இதற்காக என்னோடு சண்டைக்கு வந்தவள். பிறகு, தன் கைத்தொலைபேசியைவிட என் புருஷன் நம்பிக்கையானவர் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவள் கொலம்பியாக்காரி. தன் ஊர் காலி என்றாள். எங்களுக்குத் தெரிந்த காலி தென்னிலங்கையில் கிடக்கிறது. இவளுடையது உலகத்தின் மற்றப் பக்கம். சண்டை சிநேகிதமானது கடையில்தான். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் நான் கல்லாவில் நிற்கிற பலசரக்குக் கடைக்கு வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் தேடிக்கொண்டு வந்தாள். "இதை என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "பொரிப்பேன்" என்றாள். "நாங்களும் அதைத்தான் செய்வோம்" என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் மணிப் பிரச்சினை இருக்கவில்லை.

இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டி. அவளுக்கு இடக்கால், எனக்கு வலக்கால். ஆளை ஆள் பிடித்துக்கொண்டு நடந்தால் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவோம். அவள் என்னை 'வெசினா' என்பாள். அவர்களுடைய பாஷையில் பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தமாம். நானும் அவளை அப்படியே கூப்பிடுவேன். இவர் என்னை எப்போதும் 'இஞ்சேரும்' என்றுதான் கூப்பிடுவார், நான் 'இஞ்சேருங்கோ' என்பேன். அதைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று அவள் கொஞ்சக் காலம் நினைத்திருந்தாள். நானும் திருத்தப் போகவில்லை.

தட்டுகள் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் போய்வரத் தொடங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சோள ரொட்டியும் பொரித்த இறைச்சியும் கொண்டுவந்தாள். ஒரு வாய் வைத்ததும் எனக்கு நாக்குச் சுருண்டது. "வெசினா, கடலையே அள்ளிக் கொட்டிவிட்டாயா?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம். என் தேசிக்காய் ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். "இதைத் தின்றுவிட்டு நீங்கள் எல்லாரும் எப்படி உயிரோடு இருக்கிறீர்கள்?" என்று கத்தினாள். தங்கள் வீட்டில் உப்புக் குறைவு என்று அவள் சத்தியம் செய்தாள். எங்கள் வீட்டிலும் குறைவுதான் என்று நான் சத்தியம் செய்தேன். இரண்டு பேரும் மனதாரத்தான் சொன்னோம்.

கல்லாவில் நிற்பவளுக்கு ஊர் வருத்தமெல்லாம் தெரியும். பிரசர் இல்லாத ஆளை லா ஷப்பலில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பியர்ஃபித், எபினே என்ற புறநகர்களிலிருந்து சனிக்கிழமைகளில் சனம் வரும். கூடைக்குள் கருவாடு, அப்பளம், மாசி, ஊறுகாய்ப் போத்தல். வாயில் பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல். "எனக்கு வெள்ளைக் குளிசை, உங்களுக்கென்ன நிறம்?" என்று நகை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். ஆளுக்கொரு வைத்தியமும் இருக்கும். உள்ளி தின்றால் போதும் என்பார் ஒருவர். தலை சுற்றினால்தான் குளிசை போட வேண்டும் என்பார் இன்னொருவர். எனக்கு வாய் சும்மா இராது. "அப்ப நெருப்புப் பிடிச்சாப் பிறகுதான் தண்ணி தேடுவியளோ?" என்று கேட்டுவிடுவேன். கடைக்காரர் என்னை முறைப்பார்.

ஊருக்கு உபதேசம் செய்தவளின் வீட்டிலேயே ஒரு மகான் இருந்தார். இவர் பிரெஞ்சு உணவகம் ஒன்றின் குசினியில் வேலை. வாழ்நாளெல்லாம் அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனுசன். பிரசரும் சீனியும் இருக்கிறது என்று டொக்டர் சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். "உடம்பிலை ஒண்டும் செய்யேல்லை, பேந்தென்னத்துக்குக் குளிசை?" என்று தினமும் ஒரு முணுமுணுப்பு. நான் கையில் வைத்தால் விழுங்குவார். வைக்காவிட்டால் மறந்துவிடுவார்.

கந்தசஷ்டி வந்தால் இவர் வேறு ஆள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாது. அந்த வெக்கையில் நின்று ஊராருக்கெல்லாம் இறைச்சி வாட்டிப் போட்டுவிட்டு, பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும். வீட்டில் சாமித்தட்டுப் பக்கம் என்னைக்கூட விடமாட்டார். பூ வைப்பது, துடைப்பது எல்லாம் அவர்தான். அந்த வருடம், "குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்டேன். "ஓம் ஓம்" என்றார். எங்கள் ஆட்கள் ஒரு தரம் ஓம் என்றால் ஓம்தான். இரண்டு தரம் சொன்னால் ஆளை விடு என்று அர்த்தம். எனக்கு அது தெரியாததா? தெரியும். கடையில் விரதகாலச் சனம், காலையில் நின்றால் இரவுதான் இருப்பு. நம்பிவிட்டேன்.

ஆறாம் நாள் கோயிலில் சூரன் போர் பார்த்துவிட்டு வந்து படுத்தோம். அடுத்த நாள் விடியப் பாறணை. விரதத்தை முடித்துக்கொண்டு சாப்பிடுகிற நாள். நான் எழும்பிச் சோறு வைத்து, பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் ஆக்கி, அப்பளமும் மோர்மிளகாயும் பொரித்து, பாயாசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றேன். முன்னறையில் மணி தொடங்கியது. தொடங்கிய மணி சடக்கென்று நின்றது. கற்பூரத் தட்டு விழுந்து உருண்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் சுவரோடு சாய்ந்து வழுகி நிலத்தில் இருந்தார். கற்பூரம் விரிப்பில் எரிந்துகொண்டிருந்தது. அதைச் செருப்பில்லாத காலால் மிதித்து அணைத்தேன். சுட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "என்னப்பா, என்ன செய்யுது?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. வலக்கை அவருடையதே இல்லை என்பதுபோல மடியில் கிடந்தது.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: விரதக் களை. பட்டினி கிடந்த உடம்பு, சீனி இறங்கிவிட்டது. குசினிக்கு ஓடி, ஒரு கிளாசில் பாயாசத்தை வார்த்துக்கொண்டு வந்தேன். மற்றக் கையால் பியர்ஃபித்தில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணைக்குத் தொலைபேசி அடித்தேன். எங்கள் ஆட்களுக்கு அவசரம் என்றால் முதலில் அம்புலன்ஸ் நினைவு வராது, கார் வைத்திருக்கிற சொந்தக்காரன்தான் நினைவு வருவான்.

"அண்ணை, இவருக்கு ஏதோ செய்யுது. கதை வருகுதில்லை."

"பிள்ளை, பயப்பிடாதை. உது விரதக் களை. தேசிக்காய்த் தண்ணி கரைச்சு உப்பும் சீனியும் போட்டுக் குடு. நான் காரோடை வாறன்."

அந்த நேரம் கதவை யாரோ கையாலும் காலாலும் இடித்தார்கள். திறந்தேன். எதிர்வீட்டுக்காரி, கோட்டும் பையும் மாட்டிக்கொண்டு. "மணி ஏன் நின்றது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், நிலத்தில் இருந்தவரையும் என் கையிலிருந்த கிளாசையும் கண்டாள். "கொடுக்காதே!" என்று ஒரு கத்து. என் கையைத் தட்டிய தட்டில் பாயாசம் விரிப்பெல்லாம் கொட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அடித்திருப்பேன்.

அவள் இவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, "சிரி" என்றாள். கலியாணப் படத்திலேயே சிரிக்காத மனுசன் இவர். ஆனால் அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும், சிரிக்கப் பார்த்தார். முகத்தின் இடப்பக்கம் ஏறியது. வலப்பக்கம் அப்படியே தொங்கியது. "இரண்டு கையையும் தூக்கு" என்றாள். ஒன்றுதான் எழும்பியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆ வே சே" என்றாள். மூளையில் அடைப்பு. ஊரில் பாரிசவாதம் என்போம்.

அவசர அம்புலன்ஸின் பதினைந்தாம் இலக்கத்துக்கு அவள்தான் அடித்தாள். அவளுடைய பிரெஞ்சு அன்றைக்கு நொண்டவே இல்லை. எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்று மற்றப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். "மணி அடிக்கும்போது நன்றாக இருந்தார்" என்றாள். எந்த மணி என்று கேட்டிருக்கிறார்கள். "இவருடைய கடவுளின் மணி! நான் தினமும் அதைக் கேட்டுத்தான் இறங்குகிறேன். ஏழு மணி. தொடங்கியது, நின்றது. நான் கதவடியில் நின்றேன்" என்று கத்தினாள்.

அடுத்த கேள்வி, மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று. "பிரசர்க் குளிசை, சீனிக் குளிசை. ஒழுங்காகப் போடுகிறார்" என்று நான் சொன்னேன். சொல்லி முடிய முதல் இவருடைய இடக்கை எழும்பிச் சாமித்தட்டைக் காட்டியது. போய்ப் பூவை விலக்கிப் பார்த்தேன். முருகன் படத்தின் காலடியில், திருநீற்றுக்குப் பக்கத்தில், அந்த ஆறு நாளும் போட வேண்டிய குளிசைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுச் சந்தனம்.

குளிசை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும். எறிந்தாலோ, மருந்துக்குப் பழி. ஆகவே பாறணை வரைக்கும் முருகனிடம் பாரம் கொடுத்து வைத்திருக்கிறார். ஐயோ என்ரை கடவுளே! அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முருகனுக்கே பிரசர்? உங்களுக்கு விசரே?" என்று அழுதுகொண்டே ஏசினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸ் கெதியாக வந்தது. அவரை ஏற்றும்போது அண்ணையும் காரோடு வந்து சேர்ந்தார், கையில் ஒரு போத்தல் தேசிக்காய்த் தண்ணீரும். அவருடைய கார் கடைசியில் எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும்தான் உதவியது. "உனக்கு வேலை?" என்று அவளைக் கேட்டேன். "அலுவலகத்துக் குப்பை எங்கேயும் ஓடிவிடாது" என்று சொல்லிவிட்டு முன்சீற்றில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைக் கதிரைகள் போட்ட ஒரு அறையில் இருத்திவிட்டார்கள். அண்ணை கொண்டுவந்த தேசிக்காய்த் தண்ணீரை, பயத்தில் அவரே குடித்து முடித்தார். அங்கேதான் அவள் தன் தாயின் கதையைச் சொன்னாள்.

காலியில் அவளுடைய தாய் பிறத்தியாருக்கு உடுப்பு ஸ்திரிக்கை போட்டுப் பிழைத்தவள். ஒருநாள் சூட்டோடு நின்று ஸ்திரிக்கை போட்டுவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாளாம். வாய் ஒரு பக்கம் கோணியது. வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது: சூட்டில் நின்றவள் மேல் குளிர்காற்றுப் பட்டுவிட்டது. அவர்களுடைய ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். கன்னத்துக்குச் சுடுதுணி ஒற்றினார்கள். கோழிச்சூப்பு வைத்துப் பருக்கினார்கள். விழுங்கத் தெரியாத தொண்டையில் சூப்புச் சுவாசப்பக்கம் போய்விட்டது. அடுத்த நாள் விடிந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாய் பிழைத்தாள். ஆனால் சாகும்வரை ஒரு சொல் பேசவில்லை.

"என் மாமாவுக்கும் அதே. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே" என்றாள். "எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பிரசர். கேட்டால் நரம்புத் தளர்ச்சி என்போம், கவலை என்போம், காற்று என்போம். உப்பைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்."

"எங்கடை ஆக்கள் எல்லாத்துக்கும் களை எண்டுவினம்" என்று நான் தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டினாள். என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைத்தான் காலையில் தட்டிவிட்டவள். அந்தப் பாயாசத்தை நான் இவருடைய வாயில் பருக்கியிருந்தால் என்று நினைத்து, அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தேன்.

பிறகு டொக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், கண்ணாடி போட்டவர். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் கட்டி அடைத்திருந்தது என்றார். ஏறிக் கிடந்த பிரசரை முதலில் இறக்கி, கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்றியிருக்கிறோம், நேரம் சரியாகத் தெரிந்ததால்தான் துணிந்து கொடுக்க முடிந்தது என்றார். "உயிருக்குப் பயமில்லை" என்று அவர் சொன்னதும் நான் அந்தக் கதிரையிலேயே இருந்து கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியாது. முருகனோடு எனக்குக் கோபம் இருந்தது.

"கை பலம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பேச்சைத்தான் பொறுத்துப் பார்க்க வேண்டும்" என்றும் அவர் சொன்னார். சொற்கள் இருக்கிற இடம் அந்தப் பக்கமாம். சிலருக்கு எல்லாம் திரும்பி வரும், சிலருக்கு அங்கங்கே ஓட்டை விழுந்து வருமாம்.

வீட்டில் இவர் பெரிதாகப் பேசுகிற ஆள் இல்லை. குசினியில் கத்திப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தால் வாயைச் சாத்தி வைத்துவிடுவார். ஆனால் அன்றைக்கு வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்து, விரிப்பில் காய்ந்து ஒட்டிய பாயாசத்தைச் சுரண்டும்போது, 'இஞ்சேரும், தேத்தண்ணி இருக்கே?' என்ற அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றுமே வேண்டாம், அது மட்டும் போதும் என்று இருந்தது. வேறு நகரத்தில் வேலை பார்க்கிற மகள் அழைத்து, அழுது, அடுத்த ரயிலில் வருகிறேன் என்றாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது, அதே டொக்டர் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். வாய்க்கோணல் பாதி நிமிர்ந்திருந்தது. கையைத் தூக்கச் சொன்னார். வலக்கை எழும்பியது, நடுங்கிக்கொண்டு என்றாலும் எழும்பியது. எனக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்தமாதிரி இருந்தது. டொக்டர் தன் பேனையைக் காட்டினார். "ஸ்தீலோ" என்றார் இவர், நாக்குத் தடித்த குரலில். மணிக்கூட்டைக் காட்டினார். "மோந்த்ர்" என்றார். முந்தின நாளுக்குப் பிறகு நான் கேட்கிற முதல் சொற்கள். மணிக்கூட்டுக்கும் பேனைக்கும் பிரெஞ்சில் இவ்வளவு வடிவான பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

டொக்டர் என்னைக் காட்டினார். "இது யார்?"

"மனுசி" என்று பிரெஞ்சில் சொன்னார்.

"மனைவியின் பெயர் என்ன?"

இவர் பேசவில்லை. டொக்டர் இன்னொரு தரம் கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. இவர் முகட்டைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். தொண்டை அசைந்தது, சத்தம் வரவில்லை. "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டொக்டர். இவர் கண்ணை மூடிக்கொண்டார். டொக்டர் பக்கத்தில் நின்றவரிடம் தணிந்த குரலில், நெருங்கியவர்களின் பெயர் வரவில்லை என்று சொல்லி எதையோ எழுதினார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைக் கூப்பிடலாம், கவலைப்படாதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

அவ்வளவுதான். முந்தின நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. பேனை இருக்கிறது, மணிக்கூடு இருக்கிறது, நான் மட்டும் இல்லை. ஓட்டை என்னில்தான் விழுந்திருக்கிறது. "என்ரை அம்மாளாச்சி, என்ரை பேர் இந்த மனுசனுக்கு மறந்து போச்சே" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன். வந்திருந்த மூன்று பேரும் பயந்துபோனார்கள்.

இவர் கண்ணைத் திறந்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இஞ்சேரும், என்னத்துக்கு இப்ப அழுறீர்? இத்தினை சனத்துக்கு முன்னாலை உம்மடை பேரைச் சொல்லுறதே?"

நாக்கு வழுக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு சொல் குறையவில்லை.

டொக்டருக்குத் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனுசன் என் பெயரை வாயால் சொன்னதில்லை. தன்னுடைய தகப்பன் தாயைக் கூப்பிட்டமாதிரியே இவரும் என்னைக் கூப்பிட்டார். கடுதாசிகளில் எழுதுவார். அரசாங்கக் கந்தோரில் கேட்டால் என் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார். பயம் பிடித்த மூளைக்கு அது நினைவு வரவில்லை. பாதிப் பேச்சோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் மனுசன் வெட்கப்பட்டிருக்கிறார்!

"சொல்லித் துலையுங்கோவன்!" என்று கத்தினேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எனக்கு மூக்கால் ஓடியது.

"பேந்து பாப்பம்" என்றார்.

டொக்டர் என்ன நடக்கிறது என்று கேட்டார். எங்கள் ஆட்கள் மனைவியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கூச்சம் என்று விளக்கினேன். "ஒருபோதுமா?" என்று கேட்டார். "இருபத்தாறு வருடமாக" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தான் எழுதியதை வெட்டினார்.

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டுக்காரிக்குச் சொன்னேன். அவள் படியில் இருந்து சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். "என் புருஷன் எனக்கு மூன்று செல்லப்பெயர் வைத்து, மூன்றையும் தெருவெல்லாம் கேட்கக் கூப்பிடுவான். பிறகு இன்னொருத்தியோடு போய்விட்டான்" என்றாள். "உன்னுடையவரே மேல்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாயை நினைத்திருப்பாள்.

மகள் பிரசர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தாள். அப்பாவுக்கு முதல் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து இருத்தினாள். எதிர்வீட்டுக்காரி கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். எல்லாம் தெரிந்தவள், தன் கையை மட்டும் வருடக்கணக்காக யாருக்கும் நீட்டவில்லை. தாய்க்கு வந்தது தனக்கும் வரும் என்று பயம். பார்க்காவிட்டால் வராது என்று ஒரு கணக்கு. பார்த்தபோது அவளுக்கும் ஏறித்தான் கிடந்தது, எனக்கும் ஏறித்தான் கிடந்தது. கல்லாவில் நின்று ஊரைக் கிண்டல் செய்தவளுக்கு நன்றாக வேண்டும். இப்போது ஒரே டொக்டரிடம் ஒன்றாகப் போகிறோம். தட்டுகள் இன்னும் போய்வருகின்றன. சப்பென்று இருக்கிறது என்று ஆளை ஆள் ஏசிக்கொண்டு சாப்பிடுகிறோம்.

இவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஐயரிடம் நானே கேட்டேன், இவருக்குக் கேட்கத் தக்கதாக. "மருந்து விரதத்தை முறிக்காது. முருகன் ஒருநாளும் குளிசையை விடச் சொல்லேல்லை" என்றார் ஐயர். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த சஷ்டிக்கு முதலே டொக்டரைக் கேட்டு, பாலும் பழமும் வேளைக்கு வேளை, குளிசையும் வேளைக்கு வேளை என்று முடிவு. குளிசையைக் கையில் வைத்து, முருகனைப் பார்த்து, என்னைப் பார்த்து விழுங்குகிறார். மணி அடிக்கிறார், வலக்கையில் தட்டு இலேசாக ஆடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மணி முடியும்வரை நின்றுவிட்டுத்தான் இப்போது படி இறங்குகிறாள்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ராந்தெவு, வரச்சொல்லிக் குறித்த நாள். அதே டொக்டர். கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேனையைக் காட்டினார், எல்லாம் சரி. குளிசை போடுகிறாரா என்று என்னைக் கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "ஓம்" என்பதைப் பிரெஞ்சில், ஒரே ஒரு தரம் சொன்னார். டொக்டர் கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டு, "அப்படியென்றால் இன்றைக்காவது சொல்வீர்களா?" என்றார்.

இவர் சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார். யன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிவிட்டு, என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி.

அது என் பெயர்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஓம்" என்றேன்.